முருகன் பெயருக்கு நின்றுபோகும் திரை

கல்யாண மாப்பிள்ளை குடிப்பாரா, சீட்டாடுவாரா என்று விசாரித்துச் சொல்வதுதான் தமயந்தியின் துப்பறியும் நிறுவனத்துக்குச் சோறு போட்ட வேலை. அதனால் திருத்தணி மயில்வாகனா லாட்ஜ் முதலாளி ராஜமாணிக்கம் அரக்கோணத்துக்கு ஃபோன் செய்து, தன் கம்ப்யூட்டருக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டதாகச் சொன்னபோது, உதவியாளன் சேட்டு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, இந்த வாட்டி மாப்பிள்ளை கம்ப்யூட்டராம்" என்றான்.

அன்று காலையே இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. சாலையின் பாதியை மஞ்சள் உடுத்திய காவடிக் கூட்டம் எடுத்துக்கொள்ள, மீதிப் பாதியை ஆந்திராவிலிருந்து வந்த வேன்கள் எடுத்துக்கொண்டன. சேட்டு இரண்டுக்கும் நடுவில் ஸ்கூட்டரை நுழைத்து, அரோகரா சொல்லிக்கொண்டே மலையடிவாரம் வந்து சேர்ந்தான்.

ராஜமாணிக்கம் அவர்களை மாடியில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணன் சென்னையில் பெரிய லாட்ஜ் நடத்துகிறார். இரண்டு லாட்ஜுக்குமான அறைப் பதிவு முழுவதும் சென்னையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. திருத்தணியில் இருப்பது அதோடு டெலிபோன் லைன் வழியாகப் பேசுகிற ஒரு பெட்டி. இங்கே தட்டுகிற எழுத்து அங்கே போய்த் திரும்பி வந்து இங்கே திரையில் தெரியும். 1999-இல் ஒரு லாட்ஜுக்கு இது பெரிய பெருமை. ராஜமாணிக்கம் வாசல் பலகையிலேயே அதை எழுதிப் போட்டிருந்தார்.

அந்தப் பெருமைதான் இப்போது மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. காலை நேரத்தில் ஒரு பெரிய கூட்டம் வந்து அறை கேட்கும்போது திரை அப்படியே நின்றுவிடுகிறது. என்ன தட்டினாலும் அசையாது. பெட்டியை அணைத்து, திரும்பப் போட்டு, சென்னைக்கு டயல் செய்து லைன் கிடைப்பதற்குள் கூட்டம் பொறுமை இழந்து எதிர்ப்புற லாட்ஜுக்குப் போய்விடுகிறது. டெலிபோன் ஒயரை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. சென்னையிலிருந்து இன்ஜினீயர் ஒருவர் மத்தியானம் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, மலைக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

"மத்தியானம் கவுண்டர்ல சாய்கிருஷ்ணன் உக்காந்தா நிக்கறதில்லைங்க. காலையில கனிமொழி உக்காந்தாதான் நிக்குது" என்றார் ராஜமாணிக்கம். "அதுலயும் பாருங்க, ஆந்திராக்காரங்களுக்கு ரூம் குடுக்கிறா. நம்ம ஆளுங்க வந்தா திரை நிக்குது. எதிர் லாட்ஜ்காரன் அவள வெலைக்கு வாங்கிட்டான்."

கனிமொழியின் அப்பாவுக்கு அவர் ஏற்கெனவே ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திருவாலங்காட்டில் கரும்பு போட்டிருக்கும் அந்த மனிதர் இன்று மகளைக் கூட்டிப்போக வருகிறார். அதற்குள் அவள் அதை எப்படிச் செய்தாள் என்று தெரிந்தாக வேண்டும். எதிர் லாட்ஜ்காரன் மேல் வழக்குப் போட ராஜமாணிக்கம் வக்கீலைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

"நீங்க அந்த கவுண்டர்ல உக்காருறது உண்டா?" என்று தமயந்தி கேட்டாள்.

"ஆங். காலையில மலைக்குப் போயி சாமி கும்பிட்டு வந்து, அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் நான்தாங்க உக்காந்துகினு இருக்கேன். ஒத்த வெரலால மெதுவா தட்டுற எனக்கே ஒரு நாளும் நின்னதில்ல."

அவர் மனைவி ஜெயம்மா காபி கொண்டுவந்தார். சேட்டு கைக்கு எட்டிய டம்ளரை எடுத்து அண்ணாந்து ஒரு வாய் குடித்துவிட்டு, விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். ஜெயம்மா பதறிப்போய் அதை வாங்கிக் கணவரிடம் கொடுத்தார். சித்திரையில் டாக்டர் ராஜமாணிக்கத்துக்குச் சர்க்கரையை நிறுத்திவிட்டாராம். அன்றிலிருந்து அவர் கையில் இனிப்பு என்று ஒன்றும் படாமல் ஜெயம்மாதான் காவல் காக்கிறார்.

படி இறங்கும்போது சேட்டு, "இத தெனம் குடிக்கிற மனுசனுக்குத் தனியா யாரு சூனியம் வெக்கணும்?" என்றான்.

கனிமொழி கவுண்டரில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்து, வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அழுது முடித்த முகம். ஆனால் தமயந்தி கேட்ட எதற்கும் அவள் தடுமாறவில்லை. புதுப் பதிவுக்கு கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு 'என்' எழுத்தைத் தட்ட வேண்டும், பெயருக்கான கட்டம் திறக்கும், கூட்டத்தில் மூத்தவர் பெயரை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும், திரை நிற்பதெல்லாம் அந்த இடத்தில்தான் என்றாள்.

அறை கிடைக்காமல் போனவர்களின் பெயர் ஏதாவது நினைவிருக்கிறதா என்று தமயந்தி கேட்டாள்.

"எப்படி மறக்கும்க்கா? ஒவ்வொருத்தர் கிட்டயும் மன்னிப்பு கேட்டிருக்கேன்" என்றாள் கனிமொழி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சுப்பிரமணி. செந்தில்நாதன். இன்னொரு சுப்பிரமணி. ஷண்முகம். சாமிநாதன்.

"முருகன் ஊர்ல முருகன் பேரு வெச்சவனுக்கு ரூம் இல்லையா?" என்றான் சேட்டு. "சாமி குத்தம்தான் அக்கா. சந்தேகமே இல்ல."

"முருகேசன்னு வந்தவருக்குக் குடுத்தேனே. கந்தசாமிக்கும் குடுத்தேன்" என்றாள் கனிமொழி. "ஆந்திராக்காரங்கன்னா நிக்காதுன்னு மொதலாளி சொல்றாரு. அதுவும் பொய்தான். முந்தாநாள் புத்தூர்ல இருந்து வந்த சீனிவாசுலுக்கு நின்னுடுச்சி."

தமயந்தி கைவிரலால் கவுண்டர் மேல் எதையோ எழுதிப் பார்த்தாள். தமிழில் சு, செ, ஷ, சா, சீ என்று தனித்தனியாக நின்ற எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் வந்து அடங்கின. எஸ்.

அதைச் சேட்டின் காதில் சொல்வதற்குள் ஒரு காவடிக் கூட்டம் உள்ளே வந்தது. மூத்தவர் பெயர் வேலாயுதம். கனிமொழி கீபோர்டைப் பார்க்காமலே படபடவென்று அடித்தாள். முதல் எழுத்து விழவில்லை. உதட்டைச் சுளித்துக்கொண்டு அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள், விழுந்தது. அறைச் சாவி கை மாறியது. அவர்களுக்குப் பின்னால் நின்றவர் சோளிங்கரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், பெயர் சரவணன்.

கனிமொழி அடித்தாள். திரை நின்றுவிட்டது.

அவள் திரும்பத் திரும்பத் தட்டினாள். ஒரு புள்ளிகூட நகரவில்லை. பெட்டியை அணைக்கப் போன கையைத் தமயந்தி பிடித்துக்கொண்டாள். "அணைக்காத. அப்படியே இருக்கட்டும். சேட்டு, இவங்கள எங்கயும் போக விடாத."

சேட்டு சரவணன் குடும்பத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, இந்த லாட்ஜ் தண்ணீர்க் குழாயில் சோப்பு போடாமலே நுரை வரும் என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினான். தமயந்தி தெருவைக் கடந்து எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தாள். சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போன அந்தச் சென்னை இன்ஜினீயர் லைனில் கிடைத்தார். கன்ட்ரோல் கீயோடு 'எஸ்' சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நிக்கும்மா" என்றார் அவர். "பழைய டெலிபிரிண்டர் காலத்து வழக்கம். கன்ட்ரோல் எஸ்னா அனுப்பறத நிறுத்துன்னு அர்த்தம். கன்ட்ரோல் க்யூ குடுத்தா திரும்ப ஓடும். லைனும் கெடல, மெஷினும் கெடல. சொன்ன பேச்சக் கேட்டு நிக்குது, அவ்வளவுதான்."

தமயந்தி திரும்பி வந்தபோது ராஜமாணிக்கமும் கவுண்டருக்கு வந்திருந்தார். அவள் குனிந்து கன்ட்ரோலையும் 'க்யூ'வையும் சேர்த்து அழுத்தினாள். செத்துக் கிடந்த திரை விழித்துக்கொண்டது. கனிமொழி பதற்றத்தில் தட்டியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது சரவணன் இல்லை, 'அரவணன்'. முதல் எழுத்தை மட்டும் காணோம்.

"பேர்ல இருந்த எஸ்ஸ முழுங்கிட்டுதான் நின்னிருக்குது" என்றான் சேட்டு.

சரவணனுக்கு அறை கிடைத்தது. கனிமொழி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். தமயந்தி இன்ஜினீயர் சொன்னதை விளக்கினாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"அப்போ கன்ட்ரோல அமுக்கிகினு எஸ் அடிச்சாதான் நிக்கும்" என்றார் ராஜமாணிக்கம் மெதுவாக. "தானா நிக்காது. யாராவது அமுக்கணும். காலையில இங்க உக்காந்துகினு இருக்கறது யாரு?"

கனிமொழியின் முகம் மறுபடியும் இறுகியது. நான் அமுக்கவில்லை என்றாள். அதை அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பல தடவை சொல்லிச் சலித்துப்போன குரல் அது. ராஜமாணிக்கம் தமயந்தியின் கையைப் பிடித்துக் குலுக்காத குறையாக நன்றி சொல்லிவிட்டு, வக்கீலுக்கு ஃபோன் செய்ய மாடிக்குப் போனார். சேட்டு கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, காப்பாற்ற வந்த இடத்தில் தூக்குக் கயிற்றைத் திரித்துக் கொடுத்துவிட்டோம் என்று முனகினான். முனகியவன் சட்டென்று கையை உதறினான்.

"இன்னாடா?"

"எறும்பு அக்கா. துப்பு கெடைக்கலன்னா கடிக்கும் போல."

தமயந்தி குனிந்து பார்த்தாள். சிற்றெறும்புகள் ஒரு நூல் பிடித்தாற்போல் சுவரிலிருந்து இறங்கி, கவுண்டர் விளிம்பில் ஏறி, கீபோர்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அத்தனை எழுத்துகளையும் விட்டுவிட்டு இடது கோடியில் கீழே இருந்த ஒரே ஒரு கீயின் இடுக்கில் நுழைந்தன. அதன்மேல் 'கன்ட்ரோல்' என்று எழுதியிருந்தது.

அவள் அந்தக் கீயை அழுத்திவிட்டு விரலை எடுத்தாள். கீ உடனே எழவில்லை. சோம்பேறி எழுந்திருப்பதுபோல மெதுவாக மேலே வந்தது. கொண்டை ஊசியால் அதை நெம்பி எடுத்தாள். அடியில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. வாழைப்பழமும் வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து மணத்தன.

பஞ்சாமிர்தம்.

இப்போது எல்லாம் விளங்கியது. புதுப் பதிவைத் திறக்கக் கனிமொழி கன்ட்ரோலை அழுத்துகிறாள். விரலை எடுத்தாலும் கீ ஒரு நொடி உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் வேகத்துக்குப் பெயரின் முதல் எழுத்து அந்த நொடியிலேயே விழுந்துவிடுகிறது. வேறு எழுத்து என்றால் அது காணாமல் போகும், அவளும் திரும்ப அடித்துவிடுவாள். எஸ் என்றால் சென்னைக்கே 'நில்' என்று உத்தரவு போகும்.

தனக்குப் பஞ்சாமிர்தமே பிடிக்காது என்றாள் கனிமொழி. ஆனால் மத்தியான வேலைக்குச் சற்று முன்னதாகவே வந்து சேர்ந்த சாய்கிருஷ்ணனின் குடும்பம், தலைமுறை தலைமுறையாக மலைக்கோயிலில் நைவேத்தியம் சமைக்கிற குடும்பம். தமயந்தி அவனை உட்கார வைத்து ஒரு பெயரை அடிக்கச் சொன்னாள். அவன் வலது கோடியில் இருந்த இன்னொரு கன்ட்ரோல் கீயை அழுத்தினான்.

"இடது பக்கம் இருக்கறத ஏன் தொடறதில்ல?"

"பழக்கம் மேடம்" என்றான் அவன். பிறகு நெம்பி எடுத்து வைத்திருந்த கீயைப் பார்த்துவிட்டான். அவன் முகம் வெளுத்தது. "அது ஒட்டும்னு தெரியும். அதனால இவங்களுக்குக் கெட்ட பேர் வரும்னு சத்தியமா தெரியாது. என்னை வேற எதுவும் கேக்காதீங்க. மலைக்கு நேரா கை நீட்டி வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப இவரைக் கட்டிப்போட்டா கேஸ் முடிஞ்சிது" என்று சேட்டு ஆசையோடு சொன்னான்.

தமயந்தி தலையாட்டினாள். கெடுக்க நினைக்கிறவன் தானே அந்தக் கீயைத் தொடாமல் ஒதுங்கிக்கொண்டு, கேட்டவுடன் ஒட்டும் என்று ஒப்புக்கொள்ளமாட்டான். அவன் கொண்டுவந்து கொடுக்கிறவன். வாங்கித் தின்கிறவர் வேறு. தின்பதை மறைக்க வேண்டியவர். மாடியில் வைத்துத் தின்ன முடியாதவர். கனிமொழி வருவதற்கு முன்னால் இந்த நாற்காலியில் தனியாக உட்காருகிறவர்.

அவள் மாடிப்படிக்குப் போனாள். வக்கீல் கிடைக்காமல் இறங்கி வந்துகொண்டிருந்த ராஜமாணிக்கத்தைப் பாதிப் படியிலேயே நிறுத்தி, பஞ்சாமிர்தத்தை எந்தக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

அவர் எந்தப் பஞ்சாமிர்தம் என்றார். தமயந்தி நெம்பி எடுத்த கீயை நீட்டினாள். அவர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தொன்னையைக் கீபோர்டுக்கு இடது பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு வலது கையால் தின்பதாக ஒப்புக்கொண்டார். மலையிலிருந்து வரும்போது சாய்கிருஷ்ணன் கையிலிருந்து தினமும் ஒரு தொன்னை. சாமி பிரசாதம் உடம்பை என்ன செய்துவிடும் என்று முதலில் நினைத்தாராம். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டாராம்.

"கீபோர்டு பழசாயிடுச்சின்னு சொல்லிடலாங்க" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுர்றேன். பொண்ணும் இருக்கட்டும். ஜெயம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

"அப்படிச் சொன்னா என் வேலை முடிஞ்சிடும்ங்க. அந்தப் பொண்ணு மேல இருக்கற சந்தேகம் முடியாது" என்றாள் தமயந்தி. "இவதான் ஏதோ பண்ணா, பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்கன்னு காலத்துக்கும் பேசுவாங்க."

அவர் பதில் சொல்வதற்குள் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. கனிமொழியின் அப்பா பூபாலன் வந்துவிட்டார். ஜெயம்மா கொடுத்த தண்ணீரை வாங்காமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ராஜமாணிக்கத்தைக் கண்டதும் எழுந்து நின்று, தன் மகள் செய்த தப்பு என்ன என்று இங்கே எல்லார் முன்னாலும் சொன்னால் கேட்டுக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்றார்.

ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். ஜெயம்மாவைப் பார்த்தார். கனிமொழியைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆனால் சொல்லிவிட்டார். தொன்னை, கீ, எறும்பு எல்லாவற்றையும், சில இடங்களில் முன்பின்னாக, ஆனால் எதையும் விடாமல் சொன்னார்.

ஜெயம்மா கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"மாத்திரைய ஏத்திக்கினே போறாரு டாக்டர்" என்றார். "நான் சமைக்கிறதுல என்ன தப்புன்னு தெனம் தெனம் யோசிச்சேன். அரிசியக் கொறைச்சேன். கெழங்க நிறுத்துனேன். நீங்க கீழ உக்காந்துகினு தொன்னையில தின்னுட்டு இருந்தீங்க."

ராஜமாணிக்கத்துக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்திருக்கும்.

ராஜமாணிக்கம் பூபாலன் பக்கம் திரும்பி, தன்னை மன்னித்துவிட வேண்டும் என்றார். பெண் எப்போதும் போல வேலைக்கு வரட்டும் என்றார்.

"என்கிட்ட கேட்டு இன்னாங்க ஆவப் போவுது" என்றார் பூபாலன். "எங்க வீட்ல ஃபோன் ஏது? நீங்க பண்ணது முக்கு மளிகைக் கடைக்கு. கடைக்காரர் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தாரு. நான் வீடு போய்ச் சேரங்காட்டியும் ஊருக்கே தெரிஞ்சிருந்துது."

கனிமொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். சென்னையோடு இருந்த தொடர்பை முறைப்படி துண்டித்தாள். டெலிபோன் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி ஃபோனில் செருகி, அந்த மளிகைக் கடையின் எண்ணைத் தானே சுழற்றி, மணி அடித்ததும் ரிசீவரை முதலாளியிடம் நீட்டினாள்.

"அவர்கிட்டயே சொல்லிடுங்க சார். நைனா கிட்ட சொன்ன மாதிரியே."

ராஜமாணிக்கம் ரிசீவரை வாங்கினார். முதலில் தன் பெயரைச் சொன்னார். பிறகு கையை வாயருகே குவித்துக்கொண்டு, மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னா தின்னீங்க? சத்தமா சொல்லுங்க" என்று கடைக்காரர் கேட்டது கவுண்டர் வரை தெளிவாகக் கேட்டது.

வாசலில் புதிதாக வந்து நின்ற காவடிக் கூட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது. ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"பஞ்சாமிர்தம்ங்க. நான்தான் தின்னேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

பூபாலன் ஜெயம்மா வைத்திருந்த செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, சாயங்கால ரயிலை விட்டுவிடாதே என்று மகளிடம் சொல்லிவிட்டு, தனியாகவே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.